நடுவில் என்ஜின், மேலே பிளாஸ்டிக்: ஃபியேரோவின் உடற்கூறு

தோளில் தண்டு போட்டு, இரு முனையிலும் தண்ணீர்க் குடம் தொங்க நடப்பவரால் சட்டென்று திரும்ப முடியாது. உடம்பு திரும்பினாலும் குடங்கள் பழைய திசையிலேயே இழுக்கும். அதே குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டால் நின்ற இடத்திலேயே சுழலலாம். காரிலும் இதே கணக்குதான். எடை மையத்திலிருந்து இரு மடங்கு தள்ளிப்போனால், திரும்புவதற்கான எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனால்தான் பந்தயக் கார்களில் என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

இந்த அமைப்பைச் சாதாரண விலையில் தர முயன்ற அமெரிக்க கார், 1984 மாடலாக வந்த போன்டியாக் ஃபியேரோ. துருக்கியில் பிறந்த ஹுல்கி அல்டிகாச்ட்டி அதன் தலைமைப் பொறியாளர். பெட்ரோல் நெருக்கடியின் பயம் விலகாத காலம் அது. ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்டால், போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் நிர்வாகம் பணம் தராது. இரண்டு பேர் வேலைக்குப் போய்வர, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் வண்டி என்று சொல்லித்தான் அனுமதி கிடைத்தது.

எனக்கு மிகப் பிடித்தது இதன் எலும்புக்கூடு. எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்யும்போது சூட்டில் அவை கொஞ்சம் கோணும். எந்த இரண்டு சட்டமும் அச்சு அசலாக ஒன்றுபோல் வராது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளித்தகடுகள் பொருந்த வேண்டிய 39 இடங்களில் எபாக்சி என்ற இறுகும் பிசின் நிரப்பிய சிறு மேடைகளை வைத்தார்கள். சட்டம் முழுதாக வெல்டிங் ஆன பிறகு, ஒரே இயந்திரம் அத்தனை மேடைகளையும் ஒரே மூச்சில் சீவி, துளையிட்டது. சட்டம் எப்படிக் கோணியிருந்தாலும் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பிளாஸ்டிக் தகடுகளை அதன்மேல் திருகி முடுக்கினால் போதும். வலிமையெல்லாம் சட்டத்தில், தகடு வெறும் சட்டை. அதைக் கழற்றிவிட்டும் வண்டியை ஓட்டலாம்!

பணம் போதாமல் போனது அடிப்பகுதியில் தெரிந்தது. முன் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களைத் தாங்கி மேடுபள்ள அதிர்ச்சியை வாங்கும் அமைப்பு, செவெட் என்ற சிறு காரிலிருந்து வந்தது. பின்பக்கத்துக்கு, முன்சக்கர இயக்கம் கொண்ட சைட்டேஷன் காரின் முன்பகுதியை என்ஜினோடு அப்படியே தூக்கி வைத்தார்கள். முன்பக்கம் இருந்தபோது அந்தச் சக்கரங்களைத் திருப்ப ஸ்டீயரிங்கிலிருந்து தண்டுகள் வரும். பின்சக்கரம் திரும்பக் கூடாதே! தண்டின் மறுமுனையைச் சட்டத்தோடு போல்ட் போட்டுவிட்டார்கள். ஆனால் பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டு ஒரு வட்டத்திலும், சக்கரத்தைத் தாங்கும் கை வேறொரு வட்டத்திலும் அசையும். விளைவு, ஓட்டுநர் தொடாமலே பின்சக்கரம் லேசாகத் திரும்பும்.

என்ஜின் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 92 குதிரைத்திறன். 1984 மாடல்களில் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பழுதாகி உடைந்து, என்ஜின் சுவரைத் துளைத்து, சூடான எக்ஸாஸ்ட் குழாயில் ஆயில் கொட்டித் தீப்பிடித்த சம்பவங்கள் நடந்தன. ஆயில் கொள்ளளவு குறைவாக இருந்தது நிலைமையை மோசமாக்கியது. 1985இல் 2.8 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) என்ஜின் வந்தும் கெட்ட பெயர் போகவில்லை.

1988இல் ஒருவழியாக முன்னும் பின்னும் புதிய சஸ்பென்ஷன் கிடைத்தது. பின்சக்கரத்தைக் கடன்வாங்கிய தண்டு அல்ல, அதற்கென்றே வடிவமைத்த மூன்று இணைப்புகள் பிடித்துக்கொண்டன. நான்கு சக்கரங்களுக்கும் காற்று புகும் டிஸ்க் பிரேக். முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டிய கார் இதுதான். அதே ஆண்டு உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மிச்சிகனின் போன்டியாக் நகர ஆலையிலிருந்து மொத்தம் சுமார் 3,70,000 கார்கள் வந்திருந்தன.

அதன்பிறகும் அந்த எலும்புக்கூட்டுக்கு வேலை இருந்தது. ஃபெராரி நகல் செய்ய ஆசைப்பட்டவர்கள் பழைய ஃபியேரோவைத் தேடிப் பிடித்தார்கள். என்ஜின் ஏற்கெனவே நடுவில் இருக்கிறது; சட்டையைக் கழற்றிவிட்டு, ஃபைபர் கிளாஸில் வார்த்த புதிய உடலை மாட்டினார்கள்.