அலோ மாகுலாட்டா: புள்ளிக் கற்றாழை

இலை முழுக்க வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் பழுப்பு நிற முள், வெயில் ஏறினால் நுனி காய்ந்து சிவக்கிற ஒரு கற்றாழையை நர்சரிகளில் ‘சோப் ஆலோ’ என்றோ ‘ஸ்பாட்டட் ஆலோ’ என்றோ சொல்லி விற்கிறார்கள். தாவரவியல் பெயர் அலோ மாகுலாட்டா. ‘மாகுலா’ லத்தீனில் புள்ளி, கறை. ‘மாகுலாட்டா’ என்றால் புள்ளி விழுந்தது. இத்தாலியின் தூரின் நகரத் தாவரவியலாளர் கார்லோ அல்லியோனி 1773இல் வைத்த பெயர் இது.

இதற்கே ‘அலோ சபோனாரியா’ என்று இன்னொரு பெயரும் உண்டு. ‘சப்போ’ என்றால் லத்தீனில் சோப்பு. இலைச் சாற்றைத் தண்ணீரில் கலக்கினால் நுரைக்கும், அதனால் அப்படி வைத்தார்கள். ரொம்ப நாள் புழக்கத்தில் இருந்தது இந்தப் பெயர்தான், இன்றும் பல கடைச்சீட்டுகளில் அதைத்தான் பார்க்கலாம். ஆனால் அல்லியோனி வைத்தது மூத்த பெயர் என்பதால் தாவரவியல் விதிப்படி அதுவே நிற்கிறது. இரண்டும் ஒரே செடி, வேறு வேறு என்று நினைத்து இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். செடியின் சொந்த ஊரான தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸ் மொழிக்காரர்கள் ‘போன்ட்டால்வெய்ன்’ என்கிறார்கள். ‘போன்ட்’ என்றால் பல நிறம் கலந்தது, ‘ஆல்வெய்ன்’ என்றால் கற்றாழை.

சரி, ‘அலோ’ எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ‘அலோஏ’ என்பது கற்றாழையையும் அதன் கசப்புச் சாற்றையும் குறித்தது. அதே சொல்லைக் கிரேக்கர்கள் வாசனை மரம் ஒன்றுக்கும் பயன்படுத்தினார்கள், எபிரேயத்தில் ‘அஹாலிம்’ எனப்பட்ட மரம் அது. இந்த ‘அஹாலிம்’ திராவிட மொழியின் ‘அகில்’ என்ற சொல்லிலிருந்து போயிருக்கலாம் என்று சொற்பிறப்பு அகராதிகள் சில சொல்கின்றன. முடிந்த முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் வாய்ப்பில்லாத கதையும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்து கிடந்த சரக்குகளை அடுக்கும் பட்டினப்பாலை ‘குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்’ என்கிறது. கடல் வணிகத்தில் சரக்கோடு பெயரும் போவது வழக்கம்தானே. போர்த்துகீசியர்கள் இந்த அகிலை ‘ஆகிலா’ என்று எழுத, அது லத்தீன் கழுகான ‘அக்விலா’வோடு குழம்பி, மரத்தின் தாவரப் பெயரே ‘அக்விலாரியா’ ஆகிவிட்டது. கழுகுக்கும் அகிலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

மரமும் கற்றாழையும் ஒரே பெயரில் மாட்டிக்கொண்டதால் தமிழிலும் ஒரு வேடிக்கை நடந்தது. யோவான் சுவிசேஷத்தில் இயேசுவின் உடலை அடக்கம் செய்ய நிக்கொதேமு கொண்டுவரும் ‘அலோஏ’வைப் பழைய தமிழ் விவிலியம் ‘கரியபோளம்’ என்கிறது. கரியபோளம் என்றால் மூசாம்பரம், அதாவது கற்றாழைச் சாற்றை வற்றவைத்த கறுப்புக் கட்டி. அங்கே வந்தது அகிலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

இனி நம் சொல். கல்லும் தூணும் சேர்ந்து ‘கற்றூண்’ ஆவதுபோல் கல்லும் தாழையும் சேர்ந்தது ‘கற்றாழை’, பேச்சில் ‘கத்தாழை’. தாழையைப் போலவே நீண்ட இலை, ஓரமெல்லாம் முள். சிக்கல் என்னவென்றால், அமெரிக்காவிலிருந்து வந்த அகேவ் செடியையும் நாம் ஆனைக்கற்றாழை என்கிறோம், அது வேறு இனம். அதனால் வெறும் ‘கற்றாழை’ போதாது, முன்னால் ஓர் அடைமொழி வேண்டும். மருந்துக்கும் தலைக்கும் பயன்படுவது சோற்றுக் கற்றாழை. இலைக்குள் இருக்கும் சதைதான் அந்தச் ‘சோறு’. அலோ மாகுலாட்டாவுக்குப் ‘புள்ளிக் கற்றாழை’ என்பதே பொருத்தம். ‘சவர்க்காரக் கற்றாழை’ என்றும் சொல்லலாம், இலங்கையில் சோப்பைச் சவர்க்காரம் என்பதால் அங்கே உடனே புரியும், ஆனால் வாய்க்குக் கொஞ்சம் கனம்.

ஒரு எச்சரிக்கை. சோற்றுக் கற்றாழையின் இளங்கன்றிலும் வெள்ளைப் புள்ளி இருக்கும், அதைப் பார்த்துப் புள்ளிக் கற்றாழை என்று முடிவு கட்டக் கூடாது, அதைவிட முக்கியமாக, புள்ளிக் கற்றாழையைச் சோற்றுக் கற்றாழை என்று நினைத்து ஜூஸ் போட்டுவிடக் கூடாது. இதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை: சோற்றுக் கற்றாழைக்கு மஞ்சள் பூ நீளமான கதிராக வரும், இதற்கு ஆரஞ்சு அல்லது சிவப்புப் பூக்கள் தட்டையான கொத்தாகக் குடை பிடித்ததுபோல் நிற்கும்.

வளர்ப்பது சுலபம். குளிர்காலத்தில் மழை பெய்யும் கேப் பகுதி தொடங்கி கோடையில் மழை பெய்யும் ஜிம்பாப்வே மலைகள் வரை இயல்பாக வளர்கிற செடி, அதனால் எந்தப் பருவத்தில் மழை பெய்தாலும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. லேசான உறைபனியில் இலை கருகினாலும் பெரும்பாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதைக் கொல்வது தேங்கிய தண்ணீர்தான். மண்ணில் பாதிக்குப் பாதி பருமணலோ சிறு கல்லோ கலந்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் விடுங்கள். நிழலில் இலை நீண்டு பச்சையாக இருக்கும், நல்ல வெயிலில் குட்டையாகிச் சிவக்கும். சிவந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம்.

பெருக்குவதற்குப் பக்கக்கன்றுகளே வழி. தாய்ச்செடி மண்ணுக்கடியில் ஓடிச் சுற்றிலும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். சொந்த வேர் பிடித்த குட்டியைச் சுத்தமான கத்தியால் பிரித்து, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, அப்புறம் நடுங்கள். நட்ட அன்றே தண்ணீர் ஊற்ற அவசரம் வேண்டாம். இலையை வெட்டி நட்டால் பெரும்பாலும் அழுகத்தான் செய்யும். விதை முளைக்கும்தான், ஆனால் இது மற்றக் கற்றாழைகளோடு எளிதில் கலப்பு ஆகிவிடும், பக்கத்தில் வேறு வகை பூத்திருந்தால் பிள்ளை தாயைப்போல் இருக்காது. அப்படி வந்த நாற்றுக்கு ‘மாகுலாட்டா’ என்று சீட்டு எழுதிப் பிறருக்குக் கொடுக்காதீர்கள், ‘கலப்புப் புள்ளிக் கற்றாழை’ என்றே எழுதுங்கள்.