கிராஜுவிட்டி கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு

மறுபடியும் ஒருவர் வந்தார். நூற்பாலை ஒன்றில் 12 வருடம் வேலை பார்த்து ராஜினாமா செய்தவர். 50,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, 'எக்ஸ்கிரேஷியா, முழுக் கணக்கும் முடிந்தது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வேலையை விட்டுப் போகும்போது, உழைத்த வருடங்களுக்காக முதலாளி தரும் தொகைதான் கிராஜுவிட்டி. அதைக் கேட்கவில்லையா என்றால், "கிராஜுவிட்டிங்கறது முதலாளி மனசு வச்சுக் கொடுக்கிறதுதானே சார், சண்டை போட்டா வாங்குறது?" என்கிறார். தொழிலாளர் வழக்குகள் நடத்தும் எனக்கு இதற்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது.

பாதிக் குழப்பம் பெயரால் வருவது. கிராஜுவிட்டி லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தில் இனாம், அன்பளிப்பு என்று பொருள். ஓட்டலில் வைக்கும் டிப்ஸுக்கும் இதே பெயர்தான். தமிழில் நாமும் 'பணிக்கொடை' என்று கொடையைச் சேர்த்துவிட்டோம். ஒரு காலத்தில் அது உண்மையிலேயே முதலாளியின் இஷ்டமாகத்தான் இருந்தது. 1970இல் கேரளமும் 1971இல் மேற்கு வங்கமும் சட்டம் கொண்டுவந்தன. 1972இல் மத்தியச் சட்டம் வந்தது. அதோடு இனாம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்த பிறகும் இது உங்கள் உரிமைதான். ஓய்வு பெற்றால் மட்டுமல்ல, ராஜினாமா செய்தாலும் உண்டு.

எக்ஸ்கிரேஷியா வேறு. 'தயவின் பேரில்' என்று அர்த்தம். கொடுக்கும் கடமை எனக்கில்லை, இருந்தும் கொடுக்கிறேன் என்று சொல்லாமல் சொல்வது. அந்தத் தாளில் அது கைதவறி விழுந்த சொல் இல்லை. தாள் தயாரிக்கிறவர்களுக்கு லத்தீன் நன்றாகவே தெரியும்!

போனஸ் என்றாலும் லத்தீனில் 'நல்லது' என்றுதான் பொருள். ஸ்வீட் பாக்ஸோடு வருவதால் தீபாவளிப் பரிசு என்று நினைக்கிறோம். தகுதியுள்ளவர்களுக்குச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் என்பது சட்டம்.

சரி, கணக்குக்கு வருவோம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்குங்கள். இவருக்கு மாதம் 19,500 ரூபாய். 12 வருடத்துக்கு 1,35,000 வருகிறது. கையில் கிடைத்தது ஐம்பது!

பத்துப் பேராவது வேலை செய்யும் இடமா, தொடர்ந்து 5 வருடம் இருந்தீர்களா என்று பாருங்கள். வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் அந்த 5 வருடக் கணக்கு கிடையாது. குடும்பத்தார் தயவுசெய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு முடிக்கும் தாளை நீட்டினால், "இதில் கிராஜுவிட்டி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் தராவிட்டால் வட்டியும் சேரும்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். சட்டம் தரும் தொகையைக் குறைக்கும் ஒப்பந்தம் செல்லாது. தாமதிக்காமல் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கான அதிகாரியிடம் மனுப் போடுங்கள். போகும்போது வேலை நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். "பீரோவில எங்கயோ இருக்கு சார்" என்று மட்டும் வந்து நிற்காதீர்கள்.