ஒரே வாட்டுக்கு மூன்று முறை பணம்: மரைன் டேங்கும் கரண்ட் பில்லும்

அண்ணா நகரில் ஒரு டாக்டர் வீடு. ஹாலில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் மரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி. கீழே கேபினெட்டில் இருக்கும் சம்ப் என்ற வடிகட்டும் தொட்டியையும் சேர்த்தால் சுமார் 750 லிட்டர் உப்புத் தண்ணீர். பராமரிப்புக்கு என்னைக் கூப்பிட்ட முதல் நாள், மீன்களைக் காட்டுவதற்கு முன்பே பில்லைக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு 2,400 யூனிட்.

"தம்பி, மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல இதைத் தூக்கச் சொல்றாங்க."

"தூக்க வேணாம் சார். ஒரு வாரம் டைம் குடுங்க, எது எவ்வளவு இழுக்குதுன்னு பார்த்துடறேன்."

சென்னையில் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். கரண்ட் பில் தாங்காமல் கலைக்கப்பட்ட டேங்குகள், நோய் வந்து கலைக்கப்பட்டவற்றைவிட அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இத்தனைக்கும் பெரும்பாலான டேங்குகளில் பாதிக் கரண்ட் வீணாகத்தான் போகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் ஊரில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு 101 முதல் 400 யூனிட் வரை 4 ரூபாய் 80 காசு. 1,000 யூனிட்டுக்கு மேல் ஒவ்வொன்றும் 11 ரூபாய் 80 காசு. ஃப்ரிட்ஜ், ஏசி, கீசர் என்று டேங்க் இல்லாமலே ஆயிரத்தை எட்டிவிடும் வீட்டில், டேங்க் குடிக்கும் கரண்ட் முழுவதும் அந்தக் கடைசிப் படியில்தான் விழும். பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து "சராசரியா யூனிட் எட்டு ரூபாய்தானே" என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு மாதம் நிறுத்தாமல் ஓடும் ஒரு வாட், 1.44 யூனிட். அதாவது ஒரு வாட்டுக்கு பில்லில் 17 ரூபாய். பம்ப் வாங்கக் கடைக்குப் போகும்போது இந்த 17 ஞாபகத்தில் இருக்கட்டும்.

அந்த 17 ரூபாயோடு விஷயம் முடிவதில்லை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் எடுத்துக்கொள்ளும் கரண்ட் முழுவதும், சுற்றி வளைத்துக் கடைசியில் தண்ணீரிலேயே சூடாக இறங்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற, தண்ணீரைக் குளிர வைக்கும் கருவியான சில்லர் ஓட வேண்டும். அது இரண்டாவது செலவு. சில்லர் அந்தச் சூட்டையும் தன் சொந்தச் சூட்டையும் ஹாலுக்குள் ஊதும். ஹாலில் ஏசி ஓடினால் மூன்றாவது செலவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் பம்பின் சூடு ஹீட்டர் செலவைக் கொஞ்சம் குறைக்கும். இங்கே அதற்கு நேர் எதிர். அதனால் அந்த ஊர்க்காரர்கள் வீடியோவில் சொல்லும் யோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிப்படாது.

டாக்டர் வீட்டில் பிளக்கில் சொருகும் வாட் மீட்டரை ஒவ்வொரு கருவிக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். சில்லர் விட்டு விட்டு ஓடும் என்பதால் அதில் மட்டும் ஒரு வாரம் முழுக்க மீட்டர் இருக்க வேண்டும். கிடைத்த கணக்கு: டேங்க் மொத்தமாக நாளுக்கு சுமார் 25 யூனிட். அதில் சில்லர் மட்டும் பத்தரை.

சில்லரைத் தேடியபோது அது கேபினெட்டுக்குள், கதவு சாத்தி, சம்ப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தான் ஊதிய சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. அப்படி ஓடும் கம்ப்ரஸர் அதிகக் கரண்ட் இழுக்கும், நேரமும் கூடுதலாக எடுக்கும். அதைத் தூக்கி துணி காயப்போடும் பால்கனியில், வெயில் படாத மூலையில் வைத்தோம். போய்வரும் குழாய்களுக்கு ஏசி ஆட்கள் பயன்படுத்தும் கறுப்பு ஃபோம் உறை போட்டோம். சில்லரின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸரில் ஒட்டியிருந்த தூசு ஒரு போர்வை கனம். அதை மாதம் ஒரு முறை பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். இதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

அடுத்தது வெப்பநிலை. சில்லர் 25 டிகிரியில் செட் ஆகியிருந்தது. பழைய பராமரிப்புக்காரர் 300 வாட் ஹீட்டர் ஒன்றையும் சம்ப்பில் விட்டுப் போயிருந்தார். அதன் டயலும் 25இல்தான், ஆனால் உள்ளே தெர்மோஸ்டாட் அரை டிகிரிக்கு மேல் தப்பு. ஒரு பக்கம் ஹீட்டர் சுட வைக்க, மறுபக்கம் சில்லர் குளிர வைக்க, சென்னையின் மே மாதத்தில் இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹீட்டரைக் கழற்றி டாக்டர் கையில் கொடுத்தேன். இரவு முழுக்க ஏசி ஓடும் படுக்கையறையில் டேங்க் இருந்தால் ஒழிய, நம் கடற்கரை ஊர்களில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை.

அப்புறம் சில்லரை 27க்கு ஏற்றினேன், வாரத்துக்கு அரை டிகிரி வீதம். நன்றாக நிலைத்துவிட்ட டேங்கில் 26, 27 டிகிரியில் மீனும் மென்பவளமும் சுகமாகவே இருக்கின்றன. அவற்றை வதைப்பது சட்டென்று ஏறி இறங்கும் வெப்பநிலைதான். அறை 32 டிகிரி என்றால், 25இல் இருக்கும் தண்ணீருக்கும் அறைக்கும் ஏழு டிகிரி இடைவெளி, 27இல் ஐந்துதான். கண்ணாடி வழியாக உள்ளே வரும் சூடு அந்த விகிதத்தில் குறையும். டேங்கின் பின்பக்கக் கண்ணாடிக்கும் சம்ப்பின் சுவர்களுக்கும் தெர்மாகோல் ஒட்டியது ஒரு மதிய வேலை, செலவு சில நூறு ரூபாய்.

சம்ப்புக்கு மேல் ஒரு சின்ன ஃபேனும் வைத்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட்டுக்குச் சமமான சூட்டை எடுத்துப் போகும். ஃபேன் இழுப்பதோ சில வாட்தான். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊரில் ஃபேனை மட்டும் நம்ப முடியாது. கோவை, மதுரை பக்கம் இருப்பவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீர் தானாக நிரம்பும்படி வைக்காவிட்டால் உப்பு ஏறிவிடும்.

லைட்டுக்கு வருவோம். தலா 160 வாட்டில் மூன்று எல்.இ.டி., முழு வெளிச்சத்தில், 12 மணி நேரம் எரிந்துகொண்டிருந்தன. இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும், கடல் விசிறிகளும்கூட, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்ததாகச் சொல்லி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட டேங்குக்கு நான் வேலைக்கும் போவதில்லை. டாக்டர் வீட்டில் இருந்தவை சோவான்தஸ், மஷ்ரூம், லெதர் வகை மென்பவளங்கள். ஆழமில்லாத கடலில் வெயில் குடித்து வளரும் கடினப் பவளங்களுக்குத் தேவையான வெளிச்சத்தில் பாதிகூட இவற்றுக்கு வேண்டாம். ஆனால் கடையில் விற்கும் லைட்டும், அதைப் பொருத்தும் விதமும் அந்தக் கடினப் பவளங்களை மனதில் வைத்துத்தான். பவளங்களுக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பி.ஏ.ஆர். மீட்டரை வைத்துப் பார்த்து, மூன்று வாரத்தில் மெதுவாக 40 சதவீதத்துக்கு இறக்கினேன். நேரமும் ஒன்பது மணியாகக் குறைந்தது. வீட்டில் எல்லோரும் டேங்க் முன்னால் உட்காருவது சாயங்காலம்தான். அதனால் லைட் எரிவதே மதியம் ஒரு மணிக்குத்தான். லைட்டுக்கு நாளுக்கு ஐந்தே முக்கால் யூனிட் என்பது ஒன்றே முக்கால் ஆனது. லெதர் பவளம் முன்பைவிட நன்றாக விரிகிறது என்று டாக்டரே சொன்னார்.

சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே டேங்குக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் 110 வாட்டில் ஓடியது. மணிக்குப் பத்து முறை சம்ப் வழியாகத் தண்ணீர் சுற்ற வேண்டும் என்பது பழைய கணக்கு. மூன்று, நான்கு முறை போதும். டேங்குக்குள் ஓட்டம் தருவது வேவ்மேக்கரின் வேலை, அதைக் குறைந்த வாட்டில் அது செய்துவிடும். வேகம் குறைக்கக்கூடிய டி.சி. பம்ப் போட்டு, குழாயில் தேவையில்லாத மூன்று எல்போக்களை வெட்டி எறிந்ததில் 45 வாட்டுக்கு வந்தது. சில்லருக்கென்று தனியாக ஓடிய பம்ப் போயிற்று. ரிட்டர்ன் குழாயிலிருந்தே ஒரு கிளை பிரித்துக் கொடுத்தோம். கிருமி கொல்லும் யூ.வி. விளக்கு இப்போது புது மீன் வரும்போது மட்டும். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரில் நான் கை வைக்கவில்லை.

அடுத்த வருடம் அதே ஜூன் பில்லோடு ஒப்பிட்டோம். டிசம்பரோடு ஒப்பிட்டால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும், அதில் அர்த்தமில்லை. டேங்க் நாளுக்கு 25 யூனிட்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. இரண்டு மாதத்துக்கு 960 யூனிட் மிச்சம், கடைசிப் படி விலையில் சுமார் 11,300 ரூபாய். இப்போது மாடியில் சோலார் போடலாமா என்று கேட்கிறார். தாராளமாகப் போடலாம். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, சில்லர் அதிகம் ஓடுவதும் பகலில்தான். ஆனால் முதலில் இதையெல்லாம் குறைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். வீணாகும் கரண்ட்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்கக் கூடாது.

கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. வேளச்சேரியில் இன்னொரு வாடிக்கையாளர், நான் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, கூடுதலாகத் தானே ஒரு டைமரும் வாங்கி மாட்டினார். இரவு பத்து முதல் காலை ஏழு வரை வேவ்மேக்கரும் ரிட்டர்ன் பம்பும் நிற்கும்படி. "மீனும் தூங்குதே" என்பது அவர் வாதம். லைட் அணைந்தபின் பவளங்களுக்குள் இருக்கும் பாசி ஆக்ஸிஜன் தராது. எல்லா உயிரும் அதை இழுக்கத்தான் செய்யும். தண்ணீர் மேற்பரப்பு அசையாவிட்டால் வெளியிலிருந்தும் புதிதாக வராது. மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு எனக்கு ஃபோன். நான் போவதற்குள், நான்கு வருடமாக வளர்த்த ப்ளூ டேங் உட்பட ஐந்து மீன்கள் போயிருந்தன. அந்த ஒரு இரவில் மிச்சமான கரண்ட்டை அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன். பத்து ரூபாய்.