செப்டிக் டேங்க் நிரம்பவே இல்லையா? பெருமைப்படாதீர்கள்

இந்த வாரமும் ஒரு போர்வெல் தண்ணீர் பரிசோதனைக்கு வந்தது. மலத்தில் இருக்கும் ஈ.கோலை கிருமி இருக்கிறது. கழிவுநீரிலிருந்து உருவாகும், கைக்குழந்தைக்கு ஆபத்தான நைட்ரேட் உப்பு, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். "எடுக்கவே இல்ல சார். வீடு கட்டினதிலேர்ந்து நிரம்பினதே கிடையாது. மேஸ்திரி அப்படிக் கட்டியிருக்கார்!"

எத்தனை முறைதான் இதைக் கேட்பது! ஒழுங்காகக் கட்டிய டேங்க் குடிவந்த கொஞ்ச நாளிலேயே நிரம்பிவிடும். நிரம்பித்தான் இருக்க வேண்டும். கசடு அடியில் தங்கும். உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு மேல்மட்டத் தண்ணீர் மறுபக்கக் குழாயில் வெளியேறும். லாரி வைத்து எடுப்பது அந்தக் கசடைத்தான். மூடியைத் திறந்தால் தண்ணீர் வெளிக்குழாய் மட்டத்தில் நிற்க வேண்டும். கீழே கிடந்தால் அது டேங்க் இல்லை, குழி. நாலு சிமென்ட் உறையை இறக்கி, அடியில் கான்கிரீட் போடாமல் மூடிவிட்டு, அதற்கும் செப்டிக் டேங்க் என்றே பெயர் வைத்துக்கொள்கிறோம். அத்தனையும் மண்ணுக்குள் இறங்குகிறது.

மண் வடிகட்டிவிடுமே என்பார்கள். கிருமியை ஓரளவு பிடிக்கும், அதுவும் மண்ணைப் பொறுத்து. யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் அந்த ஓரளவுகூடக் கிடைக்காது. நைட்ரேட்டை எந்த மண்ணும் நம்பத்தகுந்த அளவுக்குப் பிடிக்காது.

விதி இல்லாமல் இல்லை. டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 2470. முக்கால் கிரவுண்டில் அறுபது அடிக்கு எங்கே போவது? நியாயமான கேள்விதான். உங்கள் போருக்குப் பக்கத்து வீட்டு டேங்க் இன்னும் கிட்டத்தில் இருக்கும். அதனால்தான் டேங்க் கசியாமல் இருப்பது முக்கியம். பிளானில் எல்லாம் சரியாக வரைந்திருக்கும். மண் மூடுவதற்கு முன் ஓர் அதிகாரி வந்து, தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் பார்த்தால் போதும், என்னிடம் வரும் கேஸ்களில் பல வரவே வராது.

புதிதாகக் கட்டுகிறீர்களா? அடித்தளக் கான்கிரீட்டையும் உள்பூச்சையும் நின்று பாருங்கள். 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுங்கள், உரிமம் உள்ள லாரிக்காரரிடம். ஆளை உள்ளே இறக்காதீர்கள். சட்டப்படி குற்றம், விஷவாயு உயிரைப் பறிக்கும். வருடம் ஒருமுறை போர் தண்ணீரைச் சோதியுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், தயவுசெய்து, சோதிக்காத போர் தண்ணீரில் பால் பவுடர் கலக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்.