மேசை மெட்டுக்கு எந்த வெட்டுத்துண்டு?

போன வருஷம் வடை பொரித்து முடித்த தாச்சியை இறக்கி, கைக்கு எட்டிய மேசை மெட்டின் (சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழே விரிக்கிற துணி) மேல் வைத்தேன். நானே தைத்த மெட். தாச்சியைத் தூக்கினால் மெட்டும் கூடவே வந்தது. நீலப் பூத் துண்டு ஒன்று உருகி, அடியில் கறுப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில் 18 வருஷமாகத் தையல் வகுப்பு நடத்துகிறவளின் சமையலறைச் சங்கதி இது. பிள்ளைகளிடம் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை.

அந்தத் துண்டு பருத்தி என்றுதான் நினைத்திருந்தேன். புறக்கோட்டையில் வெட்டுத்துண்டு வாங்கினால் மூட்டைக்குள் எல்லாம் கலந்துதான் கிடக்கும். தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். இப்போது வருகிற பொலியெஸ்டரில் சில, பருத்தியை விடப் பருத்தி மாதிரி இருக்கின்றன.

எரித்துத்தான் பார்க்க வேண்டும். துண்டின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, சாமணத்தால் பிடித்து, சின்க்குக்கு மேலே வைத்துப் பற்றவையுங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் விரலில் தூளாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகும். ஆறியதும் மணி மாதிரி ஒரு கட்டி மிஞ்சும். சாம்பலும் கட்டியும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி. உருகும்போது தொட வேண்டாம், தோலில் ஒட்டிச் சுடும்.

பொலியெஸ்டர் உருகுவது 250, 260 பாகை செல்சியஸில். கொதிக்கிற சோற்றுப்பானை அவ்வளவு சூடேறாது. ஆனால் காஸ் நெருப்பில் நின்ற தாச்சியின் அடி அந்தச் சூட்டைத் தொடக்கூடும். மெட் என்பது சாப்பாட்டுக் கோப்பைக்குத்தானே என்று கேட்கலாம். சரிதான். அவசரத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள்?

நடுவில் வைக்கிற பஞ்சு ஷீட்டும் பெரும்பாலும் பொலியெஸ்டர்தான். நான் இப்போது பழைய பருத்தித் துவாய் வைக்கிறேன். பின்பக்கத்துக்குப் பழைய பருத்திச் சாரம். பலமுறை துவைத்தது என்பதால் இனிச் சுருங்காது. புதுத் துண்டுகளை மட்டும் முதலில் துவைத்து அயன் பண்ணுங்கள். பருத்தி 3 முதல் 5 வீதம் வரை சுருங்கும், 18 அங்குலத்தில் அது அரை அங்குலத்துக்கு மேல். பற்றிக் துண்டு, சிவப்புத் துண்டு என்றால் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை விட்டுவிடுங்கள். மெட்டில் ஒருநாள் சொதி சிந்தத்தான் போகிறது.

தைப்பது ஒரு பின்னேர வேலை. தைத்து முடித்த மெட்டின் அளவு 12க்கு 18 அங்குலம். சாரத்தையும் துவாயையும் 13க்கு 19 ஆக வெட்டி, சாரத்தின் நல்ல பக்கம் கீழே பார்க்க விரித்து, மேலே துவாயை வையுங்கள். 2½ அங்குல அகலம், 13 அங்குல நீளத்தில் 10 துண்டு. முதல் துண்டை நடுவில், நல்ல பக்கம் மேலே பார்க்க வைக்க வேண்டும். அடுத்ததை அதன்மேல் கவிழ்த்து, ஓரம் ஒட்ட வைத்து, கால் அங்குலம் விட்டு, மூன்று அடுக்கையும் சேர்த்து ஒரே தையல். விரித்து அயன் பண்ணி, அடுத்த துண்டு. இப்படி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போகலாம். துண்டை இணைக்கிற தையலே, அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிற குயில்ட் தையலும் ஆகிவிடுகிறது, தனியாக ஓட்டத் தேவையில்லை.

14ஆம் நம்பர் ஊசி போடுங்கள், தையல் நீளம் 3. பழைய கைமெஷினில் துவாய் இழுபட்டுக் கோணினால், மெஷினின் உச்சியில், பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்புறம் ஓரங்களை நேராக வெட்டி, 2½ அங்குலப் பட்டியை நீளவாக்கில் மடித்துச் சுற்றிலும் தைக்க வேண்டும். மூலைக்கும் சேர்த்து 68 அங்குலம் வரை பட்டி வேண்டும், மிச்சத் துண்டுகளை ஒட்டியே எடுக்கலாம்.

இன்னொன்று. நனைந்த மெட்டில் சூட்டுச் சட்டி வைத்தால், பருத்தியாக இருந்தாலும் சூடு சட்டென்று மேசைக்கு இறங்கிவிடும். துவாய் உள்ளே இருப்பதால் காயவும் நேரம் எடுக்கும். கொழும்பு மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு போட்டுவிட்டு மடியுங்கள். அரை ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்த என்னுடைய நாலு மெட்டிலும் மூலைகள்தான் முதலில் கறுத்தன.