குங்ஃபூ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

பினாங்கு லெபோ பாசார் பக்கம் ஒரு மாமாக் கடை. ரொட்டி சானாய் போடும் அண்ணன் எண்ணெய் தடவிய மாவை உள்ளங்கையால் அழுத்தி, விளிம்பைப் பிடித்து நாலு வீச்சு வீசினார். அடியில் மேசை தெரியும் அளவுக்கு மாவு விரிந்தது, எங்கும் கிழியவில்லை. பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் தலையாட்டி, "கங்ஹூ" என்றார்.

குங்ஃபூவை ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். சண்டையே இல்லாத இடத்தில் அந்தச் சொல் எப்படி வந்தது? சீனத்தில் அதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதற்கு உழைப்பு, அதன் பலன் என்று பொருள், இரண்டாவது 'ஆள்'. சேர்த்தால், நாள்பட உழைத்துக் கைவந்த திறமை. சிறு கிண்ணங்களில் பொறுமையாக ஊற்றித் தரும் தேநீரைத் தியோச்சியூ சீனர்கள் 'கங்ஹூ தே' என்பதும் இதனால்தான். சண்டைக் கலைக்குச் சீனத்தில் தனிச்சொல் உண்டு: வூஷூ.

1970களில் ஹாங்காங் படங்கள் உலகமெங்கும் ஓடியபோது, கந்தோனிய உச்சரிப்பான 'குங்ஃபூ' சண்டையின் பெயராகவே நம்மிடம் தங்கிவிட்டது. படங்களோ பழைய பொருளை விடவில்லை. ஷாவ்லின் மடத்தின் பயிற்சி அறைகளைப் பற்றி லாவ் கார்-லியுங் 1978இல் இயக்கிய படத்தைப் பாருங்கள். நாயகன் கைகளை விரித்தபடி தண்ணீர் வாளிகளைச் சுமந்து ஏறுகிறான். மேற்கைகளில் கத்தி கட்டியிருக்கிறது. கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். படத்தின் பெரும்பகுதி இப்படிப் பயிற்சியிலேயே போகிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். 35 அறைகளையும் முடித்தவன் 36ஆவதாக ஓர் அறை கேட்கிறான்: மடத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண மக்களுக்குக் கற்றுத்தர.

மலேசியாவில் நாம் புழங்கும் 'தற்காப்புக் கலை' நல்ல சொல். வூஷூவுக்கும் சிலாட்டுக்கும் சிலம்பத்துக்கும் பொருந்தும். ஆனால் குங்ஃபூவுக்குள் இருக்கும் காலம் அதில் இல்லை. அதற்கு நம்மிடம் 'கைப்பழக்கம்' இருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்று சிறுவயதிலேயே கேட்டவர்கள் நாம். பிள்ளை சிலம்பம் 'பழகுகிறான்' என்றுதான் வீட்டிலும் சொல்கிறோம். நாளும் செய்து நெருக்கமாவது அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகிறது.

படங்களின் வகைப்பெயராகக் 'குங்ஃபூ' அப்படியே இருக்கட்டும். அந்தப் பெரியவர் சொன்னதைத் தமிழில் நான் இப்படிச் சொல்வேன்: "நல்லாப் பழகின கை."