ஓசோன் படலம்: மூக்கு வைத்த பெயர்

சூரியனின் புற ஊதாக் கதிரை வானிலேயே தடுக்கும் வளி ஓசோன்; ஆனாலும் அந்தச் சொல்லில் காவலும் இல்லை, குடையும் இல்லை. கிரேக்கத்தில் 'ஓசெயின்' என்றால் மணத்தல்; அதிலிருந்து பிறந்த பெயர் இது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நீரை மின்சாரத்தால் பிரித்துக்கொண்டிருந்த வேதியியலாளர் ஷோன்பைன், அப்போது எழுந்த நெடி தனியொரு வளியுடையது என்று கண்டு 1840-இல் இப்பெயரைச் சூட்டினார். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது ஓசோன் என்று தெளிய மேலும் 25 ஆண்டுகள் ஆயின. உயர வானில் அது இருப்பதை 1913-இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஃபாப்ரியும் பூய்சோனும் அளந்து காட்டினார்கள்.

அந்த நெடி நமக்கும் புதிதல்ல. பாளையங்கோட்டையில் பரீட்சை நேரத்தில் பழைய செராக்ஸ் இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடும்போது பக்கத்தில் நின்றால், மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அதில் ஓசோன் உண்டு. வெல்டிங் பட்டறையிலும் உண்டு.

தமிழில் என்ன சொல்வது? கிரேக்கப் பொருளை அப்படியே எடுத்து 'நாற்றவளி' எனலாம். பழந்தமிழில் நாற்றம் நறுமணத்துக்கும் பெயர்தான். இன்று சாக்கடை நினைவுதான் வரும். ஆக்சிஜனைக் குறிக்கும் 'உயிர்வளி'யை ஒட்டி 'மூவுயிர்வளி' என்று அமைத்தால் அணுக்கணக்கு சரியாக வரும், ஆனால் குணம் மாறிப்போகும். சுவாசித்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் வளிக்கு 'உயிர்' என்ற அடைமொழி எதற்கு? ஆகவே ஓசோன் ஓசோனாகவே இருக்கட்டும். தமிழ் எழுத்தில் இயல்பாக உட்காருகிறது, 'ஸ'கூடத் தேவையில்லை.

பெயரின் அடுத்த பாதியில்தான் யோசிக்க இருக்கிறது. படலம், அடுக்கு, மண்டலம் என்று மூன்றும் புழங்குகின்றன. பாடநூல் பழக்கிவிட்ட 'படலம்' மெல்லிய தோல் ஒன்று வானில் விரித்துக் கிடப்பதுபோல எண்ணவைக்கிறது. உண்மையில் தரைக்கு மேல் சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் வரை, காற்றோடு காற்றாகச் சிதறிக் கிடப்பது அது. மொத்தத்தையும் தரைக்கு இறக்கி, தரையின் அழுத்தத்தில் ஒன்றுசேர்த்தால் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அந்த வகையில் 'படலம்' பொருந்தவும் செய்கிறது!

அது ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் பொருளும் அல்ல. சூரியனின் வீரியமிக்க புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளக்கிறது. உதிரி அணு இன்னொரு ஆக்சிஜனோடு ஒட்டினால் ஓசோன். அந்த ஓசோன் மற்றொரு புற ஊதாக் கதிரை விழுங்கி, தானும் உடைகிறது. உடைந்தது மீண்டும் சேர்கிறது. கதிரின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. 1930-இல் இந்தச் சுழற்சியை விளக்கியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி சாப்மன். உயிரணுக்களின் டி.என்.ஏ. எந்த அலைநீளத்தை அதிகமாக உறிஞ்சிச் சிதையுமோ, ஏறத்தாழ அதே அலைநீளத்தைத்தான் ஓசோனும் பேராசையோடு விழுங்குகிறது. புற ஊதாக் கதிர்களில் வீரியம் மிகுந்த 'சி' வகை கீழே வருவதே இல்லை. அடுத்த 'பி' வகை பெரும்பாலும் வடிகட்டப்படுகிறது. தப்பிவரும் மிச்சம்தான் தோலைக் கருக்கி, காலப்போக்கில் கண்புரைக்கும் வழிசெய்கிறது. ஊரில் பெரியவர்கள் புரையைக் கண்ணில் 'படலம்' விழுந்தது என்பார்கள். வானத்துப் படலம் மெலிந்தால் கண்ணில் படலம் விழும் என்று சொன்னால் சிலேடை மட்டுமல்ல, மருத்துவமும்தான்.

நெல்லைச் சீமைக்கு இதில் ஒரு தனிக்கணக்கு உண்டு. ஓசோன் அதிகம் உருவாவது நிலநடுக்கோட்டை ஒட்டிய வானில், அதாவது நம் தலைக்கு மேல். உயரக் காற்றோட்டம் அதைத் துருவங்களை நோக்கி அள்ளிப்போவதால், விளைகிற இடத்தில் இருப்பு குறைவு. போதாக்குறைக்கு, சித்திரை பிறக்கும் வாக்கிலும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் திருநெல்வேலிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. சித்திரையில் எல்லோரும் நிழல் தேடுவார்கள். ஆவணியில் பணகுடிப் பக்கம் காற்று வீசும்போது யார் தேடுகிறார்கள்? புற ஊதா சுடாது, அதனால் தெரியாது. உயரம் கூடக்கூட அது வலுப்பதால், 2024 வரை மாஞ்சோலையின் குளிரில் தேயிலை பறித்தவர் தலைக்கும் துணி வேண்டியிருந்தது.

கடைசியாக 'ஓட்டை'. வெயிலில் வெந்து வருபவர் "ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டது, அதுதான் இப்படிக் கொளுத்துகிறது" என்பது டீக்கடைத் தீர்ப்பு. 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபார்மனும் கூட்டாளிகளும் அறிவித்த அந்த இழப்பு அண்டார்டிகாவின் வசந்த காலத்தில் நேர்வது. குளிர்பதனப் பெட்டி வாயுக்களிலிருந்து பிரிந்த குளோரின் செய்த வேலை. நம்மூர்ப் புழுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையால் அந்த வாயுக்கள் ஒதுக்கப்பட்டு, படலம் மெல்லத் தேறிவருகிறது. அங்கேகூட ஓசோன் முற்றாக இல்லாமல் போவதில்லை, வெகுவாகக் குறைகிறது. 'ஓசோன் மெலிவு' என்றால் பொருள் பிசகாது. ஆனால் தலைப்பு வைப்பவர்களுக்கு 'ஓட்டை' அத்தனை வசதி. அது அவ்வளவு சுலபமாக அடைபடாது.